பத்து லட்சத்தில் ஐந்து

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவம், குவாண்டம் இயற்பியல், உயிரியல் ஆகிய மூன்று துறைகளின் ஆராய்ச்சி பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் போனால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே இருப்பவர்களில் பலர் அதற்குள் படுத்து எழுந்திருப்பீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

மோதிரம், கம்மல், அரைஞாண் வரை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். காதை அடைத்துவிட்டு, ஆடாமல் அசையாமல் படுங்கள் என்று குழாய்க்குள் அனுப்புவார்கள். அப்புறம் தடதடவென்று சத்தம். வெளியே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரே கவலை: இந்தக் கதிர் உடம்பைக் கெடுத்துவிடுமோ? எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் இருக்கிற கதிர்வீச்சு இதில் கிடையாது. அந்தச் சத்தம்கூட, பெரிய காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்வதால் வருவதுதான். அப்படியென்றால் படம் எதைக் கொண்டு எடுக்கப்படுகிறது?

நம் உடம்பில் இருக்கும் தண்ணீரைக் கொண்டு. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான். புரோட்டானுக்கு நிறை, மின்னூட்டம் தவிர ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. பம்பரம் போலச் சுற்றுகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்போம். உண்மையில் அது முழுக்க முழுக்கக் குவாண்டம் சமாச்சாரம். காந்தப் புலத்தில் வைத்தால் புரோட்டானுக்கு இரண்டு ஆற்றல் நிலைகள்தான். நடுவில் வேறு படி கிடையாது. அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவோ, அதற்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினால் மட்டும் புரோட்டான் அசைந்து கொடுத்து, பதிலுக்கு ஒரு மெல்லிய சமிக்ஞை தரும். ஊஞ்சலை அதன் தாளம் பார்த்துத் தள்ளினால்தான் ஏறும் இல்லையா, அந்த மாதிரி. பெரும்பாலான ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அந்த அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே.

இதில் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. அத்தனை பெரிய காந்தத்துக்குள் படுத்தாலும் புரோட்டான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடுவதில்லை. உடம்பின் வெப்பம் அவற்றைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கமும் மறு பக்கமும் கிட்டத்தட்டச் சரிபாதியாகவே நிற்கின்றன. பத்து லட்சத்துக்கு ஐந்து புரோட்டான் அளவுக்குத்தான் ஒரு பக்கம் கூடுதல். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டிப் போய்விடும். நமக்குக் கிடைக்கும் சமிக்ஞை முழுவதும் அந்த ஐந்திலிருந்துதான். ஆனாலும் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில், கடுகளவு இடத்தில், அப்படிக் கூடுதலாக நிற்பவை மட்டுமே சுமார் 300 லட்சம் கோடி. அது போதுமானதாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் நோயாளியை நினைத்துத் தொடங்கவில்லை. 1922-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்டர் கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களின் கற்றையை ஒரு காந்தத்தின் வழியே செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிகிறதா என்பதுதான் கேள்வி. முதலில் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெர்ன் அதைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மெல்லக் கறுப்புத் தடம் எழுந்து வந்தது. சம்பளம் குறைவு என்பதால் அவர் மலிவான சுருட்டுப் பிடிப்பார். அதில் கந்தகம் அதிகம். அவர் மூச்சுப் பட்டு வெள்ளி கறுத்துவிட்டது. ஸ்டெர்னே பின்னாளில் சொன்னது இது. கற்றை இரண்டாகத்தான் பிரிந்திருந்தது. அதற்குக் காரணம் எலக்ட்ரானின் ஸ்பின் என்பது 1925-க்குப் பிறகுதான் தெளிவானது.

ஸ்டெர்ன் அத்தோடு விடவில்லை. ஹாம்பர்க்கில் புரோட்டானின் காந்தத் திருப்புதிறனை, அதாவது அது எவ்வளவு வலிமையான குட்டிக் காந்தம் என்பதை, அளந்தார். கோட்பாடு சொன்னதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வந்தது. அது வெளியான 1933-இல்தான் நாஜி ஆட்சி வந்து, யூதரான அவர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. ஆனால் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்த இசிடார் ராபி அந்த வித்தையை நியூயார்க்குக்குக் கொண்டுபோயிருந்தார். 1938-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ரேடியோ அலையால் அணுக்கருவின் ஸ்பின்னைப் புரட்டிக் காட்டினார். வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுகளில் செய்தது அது. சாதாரணத் திரவத்திலும் திடப்பொருளிலும் அதையே செய்து காட்டியது 1945-46 குளிர்காலம். ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு பாரஃபின் மெழுகில். ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரில். அந்தச் சமயத்தில் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த பனியைப் பார்த்தால், பூமியின் காந்தப் புலத்தில் சத்தமில்லாமல் சுழலும் புரோட்டான் குவியலாகவே தெரிந்தது என்று பர்செல் 1952 நோபல் உரையில் சொல்கிறார். ஒரு விஞ்ஞானியின் கண் எப்படி மாறிவிடுகிறது பாருங்கள்.

இங்கே நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. 1951-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தில் இந்த ஒத்ததிர்வை, அதாவது பொருத்தமான ரேடியோ அலைக்குப் புரோட்டான் அசைந்து கொடுப்பதை, அளந்தார். நிற்கும் திரவத்தைவிட ஓடும் திரவம் கூடுதல் சமிக்ஞை தருகிறது என்று கண்டார். அலை பட்டுக் களைத்த புரோட்டான்கள் நகர்ந்து போக, புதியவை அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருப்பதுதான் காரணம். இன்று மருந்து எதுவும் ஏற்றாமலேயே மூளையின் ரத்தக்குழாய்களை எம்.ஆர்.ஐ.யில் படம் எடுக்கிறார்களே, அதற்கு அடிப்படை இதே விளைவுதான். கல்லூரிப் பாடத்தில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

அணுவிலிருந்து உடம்புக்கு இந்த விஷயம் வந்தது 1971-இல். நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவரான ரேமண்ட் டமேடியன், எலிகளின் புற்றுக்கட்டித் திசுவில் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுப்பதைக் கண்டார். இதை அளந்து தெரிந்துகொள்ளத் திசுவை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பால் லாட்டர்பர் என்ற வேதியியலாளர், வெட்டாமல் வெளியிலிருந்தே எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாதா என யோசித்தார். அவருடைய விடை மிக எளிமையானது. காந்தப் புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால்தானே குழப்பம்? இந்த ஓரத்தில் கொஞ்சம் கம்மியாகவும் அந்த ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும்படி செய்துவிட்டால், ஒவ்வொரு இடத்துப் புரோட்டானும் வேறு வேறு அதிர்வெண்ணில் பதில் சொல்லும். அதிர்வெண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். நேச்சர் என்ற அறிவியல் இதழ் முதலில் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அவர் விடாப்பிடியாக எழுதிய பின் 1973-இல் வெளியானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, நொடிக்குள் படம் எடுக்கும் கணித வழியை உருவாக்கினார். பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பை விட்டு அச்சகத்தில் வேலைக்குப் போனவர் அவர்.

2003-இல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தது. மூன்று பேர் வரை பகிரலாம் என்ற விதி இருந்தும் டமேடியனுக்கு இல்லை. அவர் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்ப்புத் தெரிவித்தார். படம் எடுக்கும் முறை அவருடையதில்லை என்பது சரி. ஆனால் நோயுற்ற திசு வேறு மாதிரி பேசும் என்று முதலில் காட்டியவர் அவர். மூன்றாவது இடத்தை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

உயிரியல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் அந்தப் பகுதிச் செல்லுக்கு ஆக்சிஜன் இல்லை, ஆற்றல் இல்லை. செல்லின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் பம்பு நின்றுவிடும். சோடியம் உள்ளே தங்கும், அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே போகும், செல் வீங்கும். வெளியே இருந்த இடைவெளி குறுகி, தண்ணீர் மூலக்கூறுகள் தாராளமாக அலைய முடியாமல் போகும். அந்த அலைச்சல் குறைவதை எம்.ஆர்.ஐ. அளந்து, படத்தில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டாகக் காட்டிவிடும். 1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் பூனைகளில் செய்த ஆய்வு, அடைப்பு ஏற்பட்ட முதல் மணி நேரத்துக்குள்ளேயே இது தெரியும் என்று காட்டியது. அந்த நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடைத்திருக்கும் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்கிறார்கள் அல்லவா? வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால், விடியட்டும் பார்க்கலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏற்றியது விலகும் என்று லைனஸ் பாலிங் 1936-இல் கண்டார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா அதே வேறுபாட்டை வைத்து, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்கும் வழியைத் திறந்தார்.

இப்போது அந்தப் பத்து லட்சத்தில் ஐந்துக்கு வருகிறேன். அந்த எண்ணை உயர்த்த முடியாதா? முடிந்திருக்கிறது. எலக்ட்ரான்கள் புரோட்டானைவிட மிக எளிதாகக் காந்தத்துக்குப் பணிபவை. ஸ்பின் உள்ள கார்பன் வகையான கார்பன்-13-இன் கருவைக் கொண்ட பைருவேட் என்ற பொருளை, பூஜ்ய கெல்வினுக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு, ஓரிரு டிகிரி மேலே குளிர்வித்து, எலக்ட்ரான்களின் ஒழுங்கை மைக்ரோ அலை மூலம் கார்பன் கருக்களுக்கு மாற்றி, சட்டென்று வெந்நீரில் கரைத்துவிடுகிறார்கள். இந்த முறையில் சமிக்ஞை பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடும் என்று 2003-இல் காட்டினார்கள். பைருவேட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஆக்சிஜன் இருந்தும் புற்றுநோய்ச் செல் சர்க்கரையை லாக்டேட் என்ற பொருளாக மாற்றித் தள்ளும் என்று ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்ட உயிர்வேதியியல் உண்மை அதற்குப் பின்னால் இருக்கிறது. சர்க்கரை லாக்டேட்டாக மாறும் வழியில் நடுவில் உருவாவதுதான் பைருவேட்; அது லாக்டேட்டாக மாறும் வேகத்தைக் கண் முன்னே பார்க்கலாம். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதைக் கட்டி சுருங்கும்வரை காத்திராமல் முன்பே தெரிந்துகொள்ளலாம். எலிகளில் இது நிரூபணமாகி, 2013-இல் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் முதல் சோதனையின் முடிவும் வெளிவந்துவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் கழுத்தைப் பிடிக்கிறது. அப்படிச் சேர்த்து வைத்த ஒழுங்கு கரைந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதற்குள் மருந்தைக் கரைத்து, ஊசிக்கு ஏற்ற தூய்மை இருக்கிறதா என்று சோதித்து, ரத்தக்குழாயில் ஏற்றி, படத்தையும் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தை நீட்டிக்க வேறு மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். இயற்பியல் மாணவர்களே, வேதியியல் மாணவர்களே, இங்கே உட்கார்ந்திருக்கும் நர்சிங், மருந்தியல் பிள்ளைகளே, அந்த வேலைக்கு உங்கள் அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது. கேள்விகளைக் கேளுங்கள், பேசுவோம். நன்றி, வணக்கம்.