பூட்டுக்கு அந்தப் பக்கம் யார்?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறோம். தொண்டூழியர்கள் பேசிக்கொள்ள ஒரு சாட் சர்வரை நானே அமைத்தேன். பிள்ளைகளின் பெயர், வீட்டு நிலைமை எல்லாம் அதில் வரும். அதனால்தான் அந்தப் பேச்சைப் பாதுகாப்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் இருந்தது மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது) இல்லாத வெறும் வெப்சாக்கெட், அதாவது சர்வரோடு தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்பு. என் மடிக்கணினியில், வலையில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி இன்றும் சாப்பிடாமல் வந்தான்" என்று ஒரு வரி அனுப்பினேன். எழுத்து மாறாமல் அது திரையில் வந்து நின்றது. உணவங்காடி நிலையத்துத் திறந்த வைஃபையில் அனுப்பியிருந்தால் பக்கத்து மேசைக்காரரும் படித்திருக்கலாம்.

சரி, மறையாக்கம் உள்ள வெப்சாக்கெட்டான டபிள்யூஎஸ்எஸ்ஸுக்கு மாறினோம். சர்வருக்கு முன்னால் வாசல்காவலாக நிற்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள், 'இது இன்ன தளம்தான்' என்று உறுதிசொல்ல லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ், பாதுகாப்பான இணைப்புகளுக்கு வழக்கமான 443ஆம் போர்ட். அரைநாள் வேலைதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சர்வர் பக்கமிருந்து 60 வினாடி எதுவும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை அறுத்துவிடும். சர்வர் 30 வினாடிக்கு ஒரு பிங், அதாவது 'இருக்கிறேன்' என்ற சிறு சமிக்ஞை, அனுப்பும்படி வைத்தேன்.

அப்புறம்தான் பெரிய பாடம். எங்களுடையது 90 நாள் சான்றிதழ். அது தானாகவே புதுப்பிக்கப்பட்டு வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. என்ஜின்எக்ஸோ ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிய பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழையது காலாவதியானதும், ஒரு சனிக்கிழமை காலை தொண்டூழியத் தங்கை ஒருத்தி அழைத்தாள்: "அண்ணே, எச்சரிக்கை வருது. தள்ளிட்டு உள்ளே போகட்டுமா?"

வேண்டாம் என்றேன். மறையாக்கம் பேச்சை மூடி அனுப்பும், அவ்வளவுதான். வாங்குபவர் யார் என்று சான்றிதழ்தான் சொல்லும். நடுவில் புகுந்த ஒருவனுடனும் அழகாக மறையாக்கம் செய்து பேச முடியும்! இன்று என் தவறுக்காக அவள் அந்த எச்சரிக்கையைத் தள்ளிப் பழகினால், நாளை உண்மையான ஆபத்திலும் விரல் அதே இடத்துக்குத்தான் போகும்.

என்ஜின்எக்ஸ் சான்றிதழை மறுபடி படிக்கும்படி ரீலோட் கொடுத்தேன். புதிதாக வருபவர்களுக்குப் புதிய சான்றிதழ். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களின் இணைப்பு அறுபடவில்லை. அன்றே, சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளை) அந்த ரீலோட் கட்டளையை எழுதி வைத்தேன். பிறகு அவளை அழைத்து, "இப்போ வாம்மா" என்றேன்.