சூரியனைத் திருகிப் பிடிப்பது

வணக்கம் நேயர்களே. இந்த உரையைக் கேட்பவர்களில் பாதிப்பேராவது ஒரு காலத்தில் ரேடியோ குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி இலங்கை வானொலியைப் பிடித்தவர்களாக இருப்பீர்கள். நான் இப்போதும் தினம் காலையில் மொட்டைமாடியில் அதே வேலையைத்தான் செய்கிறேன். பிடிப்பது மட்டும் சூரியனை.

சூரியனைப் பார்க்கவென்றே செய்த தொலைநோக்கி அது. அதற்குரிய ஃபில்டர்கள் எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்காமல் நான் அதில் கண் வைப்பதில்லை. சாதாரணத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்த்தால் கண் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

சரி, எதற்காகத் திருகுகிறேன்? சூரிய ஒளியில் ஹைட்ரஜனுக்கென்று ஒரு சிவப்பு இடம் உண்டு, அலைநீளம் 6562.8 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாக வெட்டினால் ஒரு துண்டுதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். என் ஃபில்டர் அந்தச் சிவப்பைச் சுற்றி 0.7 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்கு மட்டும் வழி விடும். அந்தச் சன்னல் சரியான இடத்தில் நின்றால் சூரியனின் நிறமண்டலம், அதாவது அதன் மேற்பரப்புக்கு மேலிருக்கும் வாயு அடுக்கு, தெரியும்: விளிம்பில் எழும் தழல்கள், வட்டத்தின் மேல் கருப்பு நூல் போல ஓடும் இழைகள், கரும்புள்ளியைச் சுற்றிப் படிந்து வாரிய முடி போன்ற கோடுகள். அரை ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றால் மொழுக்கென்று ஒரு சிவப்பு அப்பளம்.

ஃபில்டரின் உயிர் இரண்டு கண்ணாடித் தகடுகள். 1890-களின் கடைசியில் பிரான்சின் மார்செய் நகரில் ஃபாப்ரி, பெரோ என்ற இருவர் செய்து காட்டிய அமைப்பு. பாதி பிரதிபலிக்கும் இரு தகடுகளை முடியளவு இடைவெளியில் எதிரெதிராக நிறுத்தினால், நடுவே ஒளி முன்னும் பின்னும் ஓடி, அந்த இடைவெளிக்குப் பொருந்தும் நிறங்கள் மட்டும் வெளியே வரும். சீப்புப் பற்கள் போல வரிசையாகப் பல நிறங்கள் வரும் என்பதால், நமக்கு வேண்டிய ஒரு பல்லை மட்டும் விட்டு மற்றதை அடைக்கப் பின்னால் இன்னொரு ஃபில்டர் இருக்கும். என்னுடையதில் ஒரு சிறு சக்கரத்தைத் திருகினால் தகடுகள் லேசாகச் சாயும். சாய்த்தால் சன்னல் நீலப் பக்கம் நகரும். சிவப்புப் பக்கம் போகவே போகாது. அதனால் தயாரிக்கும்போதே கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளி வைத்துவிடுகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் படம் எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே திருகுவதை நிறுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். உண்மை நேர் எதிர். அந்த ஹைட்ரஜன் சிவப்பின் நட்டநடுவில் சூரிய வெளிச்சம், பக்கத்து நிறத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். வட்டம் மங்கிக்கொண்டே வந்து, எங்கே மிக மங்கலாகிறதோ அதுதான் இடம். கேமராவில் எடுப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: ஒளி அளவு காட்டும் எண் அடிமட்டத்துக்கு இறங்கும் இடத்தில் கையை எடுத்துவிடலாம். கண்ணால் பார்ப்பவர்கள் தலைக்கு மேல் ஒரு கருப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஒருமுறை தொலைநோக்கியைக் கொடைக்கானலுக்குத் தூக்கிப்போனேன். சென்னையில் சக்கரம் எப்போதும் பாதியளவு திருகிய இடத்தில் நிற்கும். பென்சிலால் குறியும் போட்டிருந்தேன். மலையில் அதே குறியில் வைத்தால் அப்பளம்தான் தெரிந்தது. பஸ் குலுக்கலில் தகடு போய்விட்டது என்று ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸைத் திட்டினேன். பஸ் மேல் குற்றமில்லை. தகடுகளுக்கு நடுவே இருப்பது திறந்த காற்று. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதற்கே சன்னல் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் போய்விடுகிறது. மலையே எனக்காகக் கொஞ்சம் திருகி வைத்திருந்தது. மறுநாள் காலை சக்கரத்தை ஏறக்குறையத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்ததும் இழைகள் எழுந்து வந்தன.

அதே ஊரின் ஆய்வகத்தில்தான், 1909 ஜனவரியில், ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் கரும்புள்ளியின் ஓரத்தில் நிறமாலைக் கோடுகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகள், இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்பது அதன் பொருள். நொடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகம். என் சக்கரத்துக்கு அந்த நுணுக்கமெல்லாம் எட்டாது. அவர் ஒளியை அப்படிப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வைத்திருந்தார்.

ஆனால் பெரிய வேகங்கள் எனக்கும் சிக்கும். நொடிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறம் ஓர் ஆங்ஸ்ட்ராம் நீலப் பக்கம் தள்ளிப்போகிறது. ரேடியோவில் நிலையம் ஒரே இடத்தில் நிற்கும், சூரியனில் நிலையமே நகர்கிறது. ஒருநாள் காலை எட்டரை மணி, தரை சூடேறிக் காற்று அலைய ஆரம்பிப்பதற்கு முன் கிடைக்கும் நல்ல நேரம். வட்டத்தின் நடுவில் நீளமான ஓர் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால் அதில் பாதியைக் காணோம். கண்ணைக் கசக்கினேன், ஃபோகஸைத் திருகினேன், பயனில்லை. அப்புறம் சக்கரத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் திருகினேன். காணாமல் போன பாதி அங்கே இருந்தது, கருகருவென்று, நம் பக்கமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.