கேஸ் தீர்ந்துபோச்சா?

வணக்கம். சித்திரை பிறந்துட்டா, ஏசி மெக்கானிக்கான எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே மாதிரிதாங்க இருக்கும். "ஏசி ஓடுது, காத்து வரல. உள்ள ஐஸ் கட்டியிருக்கு, தண்ணி சொட்டி மெத்தையெல்லாம் ஈரம். கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து அடிச்சுக் குடுங்க." நோயையும் அவங்களே சொல்லி, மருந்தையும் அவங்களே எழுதிடறாங்க.

இப்ப யார் வீட்லயாவது ஐஸ் கட்டியிருந்தா, ரிமோட்டை எடுத்து கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோடுல மட்டும் விடுங்க. கீழ ஒரு பக்கெட்டை வைங்க. வெச்சுட்டு வந்து உக்காந்து கேளுங்க.

முப்பது வருஷமா நான் மல்லுக்கு நிக்கறது இந்த 'கேஸ் தீர்ந்துபோச்சு'ங்கிற பேச்சோடதான். ஏசி கேஸ், அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிஞ்சு தீர்றது இல்லீங்க. மூடின குழாய்க்குள்ளயே திரவமாவும் ஆவியாவும் மாறி மாறிச் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் அடிச்சா, ஓட்டைக் குடத்துல தண்ணி சுமந்த கதைதான்.

சரி, ஐஸ் ஏன் வருது? சில்லுன்னு தண்ணி ஊத்தின சொம்பு வெளிப்பக்கம் வேர்க்கும், பாத்திருப்பீங்க. சுவத்துல மாட்டின பெட்டிக்குள்ள கேஸ் ஓடற வளைஞ்ச குழாய் இருக்கு, அதைத்தான் காயில்னு சொல்றோம். அதுவும் அப்படித்தான். நல்லா ஓடறப்ப அது 5லிருந்து 10 டிகிரி வரைக்கும் இருக்கும். காத்துல இருக்கிற ஈரம் அது மேல வேர்த்து, குழாய் வழியா வெளிய போயிடும். ரூம்ல இருக்கிற வெதுவெதுப்பான காத்து நிக்காம அது மேல பட்டுக்கிட்டே இருந்தாத்தான் அந்தச் சூடு நிலையா நிக்கும். காத்து குறைஞ்சா காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழ இறங்கிடும். வேர்வை உறையும். உறைஞ்ச ஐஸ் காத்து போற மிச்ச இடுக்கையும் அடைக்கும். காத்து இன்னும் குறையும், ஐஸ் இன்னும் ஏறும்.

நம்ம சேலத்துல கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. கீழ விசைத்தறி, மேல குடும்பம். ஒரே கோடையில மூணு தடவை கேஸ் அடிச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் நல்லா ஓடிட்டு மறுபடி ஐஸ். யார் அடிச்சதுன்னு கேட்டுக்காதீங்க, நம்ம தொழில்காரங்கதான். போனதும் அந்தம்மா, "தம்பி, நீங்க நாலாவது ஆளு. ரேட்டை முதல்லயே சொல்லிடுங்க"ன்னாங்க. "கேஸைப் பத்தி அப்புறம் பேசலாங்கம்மா, ஒரு பழைய பல் பிரஷ் இருந்தாக் குடுங்க"ன்னேன். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினா, கம்பளி மாதிரி வருது. தறிப் பஞ்சு அத்தனையும் வலை தெரியாமப் படிஞ்சு கிடக்கு. பக்கத்துல நின்ன பொண்ணு சொல்லுச்சு, "அப்பா நெய்யாத சேலை ஒண்ணு இதுக்குள்ள இருந்திருக்கு!"

அப்போ மூணு தடவையும் ரெண்டு நாள் நல்லா ஓடுச்சே, எப்படின்னு கேப்பீங்க. மெக்கானிக் வர்ற வரைக்கும் ஏசியை நிறுத்தி வெச்சிருந்தாங்க இல்லையா, ஐஸ் தானா உருகிடுச்சு. உருகினா ஓடத்தான் செய்யும். பேர் மட்டும் கேஸுக்கு! அங்க நான் தேவைக்கு மேல ஏறியிருந்த கேஸை எடுத்துட்டு, எடை போட்டுத் திரும்ப ஏத்த வேண்டியதாப் போச்சு. ஃபில்டர் கழுவினது பத்து நிமிஷ வேலை, இது அரை நாள்.

அம்மாப்பேட்டையில தறிப் பஞ்சுன்னா, மாக்னசைட் சுரங்கத்துப் பக்கம் வெள்ளைத் தூசி, ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மாவுத் தூசி. நம்ம ஊர்ல தூசிக்கா பஞ்சம்? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைப் பச்சைத் தண்ணியில கழுவி, நிழல்ல காய வெச்சு மாட்டுங்க. வெயில்ல வெச்சா பிளாஸ்டிக் வளைஞ்சு, அப்புறம் உக்காராது.

ஐஸைக் கத்தியால, ஸ்குரூ டிரைவரால குத்தாதீங்க. திரும்பவும் சொல்றேன், குத்தாதீங்க. காயில் குழாய் ஓட்டையாச்சுன்னா இல்லாத கேஸ் பிரச்சினை அன்னைக்கு நெஜமாவே வந்துடும். வெந்நீரும் வேண்டாம். ஃபேன் மோடுல ரெண்டு மூணு மணி நேரம் விட்டா தானா உருகும். ஐஸோடயே கூலிங் ஓட்டினா, ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள்ள திரும்பிப் போய் அதையே கெடுத்துடும். அது பெரிய செலவு.

ஃபில்டரும் சுத்தம், காயிலும் சுத்தம், ஃபேனும் நல்லா சுத்துது, இருந்தும் ஐஸ் கட்டினா, அப்ப கேஸைச் சந்தேகப்படலாம். கேஸ் குறைஞ்சா உள்ள அழுத்தம் குறையும், அழுத்தம் குறைஞ்சா அந்தத் திரவம் கொதிச்சு ஆவியாகிற சூடும் இறங்கும், காயில் உறைஞ்சிடும். மெக்கானிக் வந்தா, "ஓட்டை எங்கன்னு சோப்புத் தண்ணி வெச்சுக் காட்டுங்க, அடைச்சிட்டு அடிங்க"ன்னு கேளுங்க. கேக்கிறதுல தப்பே இல்லீங்க.

16ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. வேகம் ஒண்ணுதான், நிக்கற இடம்தான் வேற. 2020 ஜனவரியிலிருந்து தயாரான ஏசிகள் போட்டவுடனே 24ல நிக்கணும்னு விதியே இருக்கு.

ஏற்காட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்னு குறிப்பு எழுதிட்டு வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டறாங்க, நேரம் ஆயிடுச்சாம். ஒரே வரி. மலையில ராத்திரி வெளிய குளிரா இருக்கிறப்போ கூலிங் ஓட்டினா, ஃபில்டர் சுத்தமா இருந்தாலும் ஐஸ் கட்டலாம். ஜன்னலைத் திறந்துக்கங்க, அங்க அது போதும்.

பக்கெட்ல எவ்வளவு சேர்ந்திருக்குன்னு போய்ப் பாருங்க. வணக்கம்.