இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கிருமிகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குறித்த நேரத்துக்கு முன்பே வந்தமர்ந்து எங்களை வெட்கப்பட வைத்த மாவட்ட நீதிபதி அவர்களே, இன்று நான் அதிகம் சீண்டப்போகும் மருந்து வணிகர் சங்கப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புற்றுநோயாளியின் இரத்தத்தில் கிருமி புகுந்தால் என்ன செய்வது என்பதை நோயறிதல், மருந்து, தடுப்பு என மூன்று பகுதிகளாகப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்பது பழமொழி. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் நம் குடலில் அடக்கமான குடித்தனக்காரர்களாகவே இருக்கின்றன. கீமோதெரபி எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடிப்பதால் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கி, குடலின் உட்சுவரும் புண்ணாகும்போது, அவை இரத்தத்துக்குள் நுழைந்து மடத்தையே பிடுங்கிக்கொள்கின்றன. வெள்ளணு குறையக் குறையத் தொற்று ஏறும் என்பதை ஜெரால்டு போடி குழுவினர் 1966இலேயே காட்டிவிட்டனர்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கீமோ முடிந்த பத்தாம் நாள் இரவு 101 டிகிரி காய்ச்சல். மகன் நல்ல பிள்ளை; அம்மாவை அலையவைக்க வேண்டாமென்று தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினான். பாராசிட்டமாலும் செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நான்கும் சீட்டில்லாமல் கிடைத்தன. "ரெண்டு நாள் பாருங்க தம்பி" என்ற ஆலோசனை இலவசம். மறுநாள் காய்ச்சல் தணிய, டீச்சர் மொட்டைமாடியில் வடகம் பிழிந்தாராம். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது கைகால் சில்லிட்டு, இரத்த அழுத்தம் 80க்கு இறங்கியிருந்தது. கிருமியை வளர்த்து அடையாளம் காணும் கல்ச்சர் சோதனைக்கு இரண்டு கைகளிலிருந்தும் இரத்தம் எடுத்தோம். ஐந்து நாளாகியும் எதுவும் வளரவில்லை. கிருமியைக் கொல்லாத அந்த அரைகுறை மருந்து, அதை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். எதிரி யாரென்று தெரியாமலே பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக்கிலிருந்து அதைவிட வலுவான மெரோபெனத்துக்கு ஏறினோம். பதினெட்டு நாளில் வீடு திரும்பியவர், அந்தக் கடைக்காரருக்கே முறுக்கு கொடுத்தனுப்பினார்!

கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் ஒருமுறை 101ஐத் தொட்டாலோ, 100.4இல் ஒரு மணி நேரம் நின்றாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். கல்ச்சர் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமியையும் அடக்கும் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏறவேண்டும்.

வணிகப் பெரியோர்களே, செஃபிக்சைம் அட்டவணை எச்1இல் உள்ள மருந்து. 2014 முதல் அதை மருத்துவர் சீட்டுக்கே விற்று, வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் விற்று இங்கும் இடம் கொடுத்தோம், மடம் போயிற்று: கிருமிகள் மருந்துக்குப் பழகி, மெரோபெனத்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லாவுக்கு, சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைத் தேடும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

மருந்தையும் தடுப்பையும் விரித்துரைக்க நேரமில்லை என்று தலைவர் மணியடிக்கிறார். சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கமாட்டோம் என்ற உறுதிமொழிப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து சங்கத் தலைவருடையதாக இருக்கட்டும்.