கத்தரி எடுப்பதற்கு முன் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது நடந்தது. கல்லூரி திறக்க நான்கு நாள் இருந்தது. இடுப்பு வரை இருந்த சுருட்டை முடியைத் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொள்ள ஆசைப்பட்டு, அம்மாவோடு ஒரு பார்லருக்குப் போனேன். உட்கார வைத்தார்கள். தலையை நனைத்தார்கள். முடியை நேராகச் சீவி, இழுத்துப் பிடித்து, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சரியாக வெட்டினார்கள். காயக் காய முடி மேலே ஏறியது. வீடு வந்து சேர்ந்தபோது கழுத்துக்கு மேல் நின்றது. வழியெல்லாம் அம்மா என் கையை விடவே இல்லை.

வெட்டியவர் அளவு தவறவில்லை. ஆனால் சுருட்டை முடி ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். அதனால் அதைக் காய்ந்த நிலையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவர் பார்க்கவில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஐந்து நிமிட வேலையில் போன நீளம் திரும்பி வர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பிறகு நானே இந்தத் தொழிலுக்கு வந்தேன். திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக முடி வெட்டுகிறேன். நமக்குப் பொருத்தமான கடையை, பொருத்தமான கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கத்தரி எடுப்பதற்கு முன் முடி வெட்டுகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நல்ல கைக்காரர் முதலில் உங்கள் முடியைக் காய்ந்தபடியே தொட்டுப் பார்ப்பார். பின்னலை அவிழ்க்கச் சொல்வார். இயல்பாக விட்டால் வகிடு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். உச்சியில் சுழி எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா என்று விரலால் தேடுவார். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, எங்களுக்கு அது வேறு கணக்கு. சுழி இருக்கும் இடத்தில் முடியை ரொம்பக் குட்டையாக வெட்டினால் குத்திட்டு நிற்கும். என்ன தடவினாலும் படியாது. அங்கே கொஞ்சம் நீளம் விட்டாக வேண்டும். பிடரி முடியும் அப்படித்தான். சிலருக்கு அது கீழ்நோக்கி வளராமல் ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும். பாப் கட் கேட்டு வருபவரின் பிடரியைத் தூக்கிப் பார்க்காமல் வெட்டத் தொடங்குகிறவரிடம் நான் என் தலையைக் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் கேள்விகள். தினமும் ஜடை போடுவீர்களா, கொண்டையா, விரித்து விடுவீர்களா? ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுவீர்களா? வீட்டில் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? இந்தக் கேள்வி சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்தால் முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழும். நாமோ முடிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பெரிய செலவுக்குத் தயாராகிவிடுவோம். தண்ணீரை மாற்றிப் பார்த்தாலே பாதி சரியாகிவிடும் முடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாக எப்போது டை அடித்தீர்கள், மருதாணி வைத்தீர்களா, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்ததுண்டா, இப்போது ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதையும் கேட்க வேண்டும். குழந்தை பெற்று நான்கைந்து மாதம் ஆன பெண்கள் கொத்துக் கொத்தாய் முடி கொட்டுகிறது என்று அழுதுகொண்டு வருவார்கள். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே நின்று மறுபடி முளைக்கும். இதைச் சொல்லி அனுப்பாமல் ஹேர் ஸ்பா பேக்கேஜ் விற்கிற கடையை நம்பாதீர்கள்.

நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு முதல் முறை போகாதீர்கள், உண்மையான முடி தெரியாது. படம் கொண்டுபோங்கள், தவறே இல்லை. ஆனால் உங்களைப் போன்ற முடி இருக்கும் ஒருவரின் படமாக இருக்கட்டும். கோரை முடிக்காரரின் படத்தைச் சுருட்டை முடிக்காரர் நீட்டினால் இருவருக்கும் ஏமாற்றம்தான். ‘கொஞ்சம் வெட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் கொஞ்சம் வேறு, என் கொஞ்சம் வேறு. இரண்டு விரல் அளவு என்று நுனியைப் பிடித்துக் காட்டுங்கள்.

சரி, அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? விளம்பரப் பலகையில் இருக்கும் முடி யாருடையதோ. பேருந்திலோ அலுவலகத்திலோ உங்களுக்கு இருப்பது போலவே முடி இருக்கிற ஒருவரைப் பார்த்து, வெட்டு நன்றாக இருந்தால், தயங்காமல் கேளுங்கள். ‘எங்கக்கா வெட்டுனீங்க?’ என்று கேட்டால் கோபித்துக்கொண்ட பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைப் பெயரோடு வெட்டியவர் பெயரையும் கேட்டு வையுங்கள். பெரிய கடைகளில் ஒரே கூரைக்குக் கீழே பத்துக் கைகள் வேலை செய்யும், பத்தும் ஒன்றல்ல. முதல் முறை போகும்போது பெரிய மாற்றம் எதுவும் கேட்காமல் நுனி மட்டும் ட்ரிம் செய்துகொள்ளுங்கள். என் கடையில் அதற்கு 250 ரூபாய். அந்தத் தொகைக்கு அவருடைய பொறுமையும் கை சுத்தமும் தெரிந்துவிடும். கடையில் டிரையர் போட்டுச் சீவிவிட்டால் எந்த வெட்டும் அழகாகத்தான் இருக்கும். வீட்டில் தலைக்குக் குளித்துத் தானாகக் காயவிட்டுப் பாருங்கள், அதுதான் பரீட்சை. 1960களில் லண்டனில் விடால் சசூன் பெயர் வாங்கியதே இதனால்தான். சுருள், ஸ்ப்ரே என்று கட்டி நிறுத்தாமல், கழுவி உதறினால் தானே இடத்தில் போய் விழுகிற மாதிரி முடியை வெட்டினார்.

இப்போது நான் ரொம்பக் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், ரீபாண்டிங் என்று பல பெயரில் முடியை நேராக்கும் வேலைகள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெண் வருவாள். ‘அக்கா, எப்படியாவது நேராக்கி விட்டுடுங்க’ என்பாள். ரீபாண்டிங்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள்தான் சுருட்டையைச் சுருட்டையாகப் பிடித்து வைக்கின்றன. முதல் கிரீம் அந்தப் பிணைப்புகளை உடைக்கும், சூடான அயர்ன் முடியை நேராக்கும், இரண்டாவது கிரீம் நேரான நிலையிலேயே பிணைப்புகளை மறுபடி பூட்டும். வேரிலிருந்து புதிதாக வளரும் முடி பழையபடி சுருட்டையாகத்தான் வரும். நேரும் சுருட்டையும் சந்திக்கும் இடத்தில் முடி எளிதாக உடையும். ஏற்கெனவே பிளீச் செய்த முடியில் இதைச் செய்தால் கொத்தாகவே கையோடு வந்துவிடும்.

ஸ்மூத்தனிங் கிரீம்கள் சிலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வெளிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கிக்கொண்டவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. இதுதான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் நான் அதைப் படித்த பிறகு பழைய மாதிரி இருக்க முடியவில்லை. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதியிருக்கும் பாட்டில்களில் அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கலாம். ஒரே பெண்ணுக்கு மூன்று முறை சலூன் போய் முடியை நேராக்கிய பிறகு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் பதிவு செய்தார்கள். அவர் முடியில் தடவிய கிரீமில் அந்த அமிலம் இருந்தது. அதனால் பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். கண் எரிந்தால், தொண்டை கரகரத்தால், ‘அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க’ என்று யாராவது சொன்னால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பணம் போனால் போகட்டும். ‘உங்கள் முடி இதைத் தாங்காது, வேண்டாம்’ என்று சொல்லி வருகிற வருமானத்தை விடுகிற ஒருவர் கிடைத்தால், அவரை விடாதீர்கள்.

கறுப்பு டையிலும் கவனம் வேண்டும். அதில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று தரும். சுத்தமான மருதாணி முடியைச் சிவப்பாக்குமே தவிரக் கறுப்பாக்காது. கறுப்பு ஹென்னா என்று ஒருவர் கொண்டுவந்தால் அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். காதுக்குப் பின்னால் டையைத் துளி தடவி, ஒவ்வாமை வருகிறதா என்று 48 மணி நேரம் காத்திருந்து பார்க்கச் சொல்லும் கடைக்கு, ஒரு நடை கூடுதலானாலும் போங்கள்.

தலை கழுவும் தொட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குறிப்பாக வயதானவர்களுக்கு. கழுத்தைப் பின்னால் அதிகமாக மடித்து அப்படியே வைத்திருந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் நசுங்கலாம். பார்லரில் தலை கழுவிய பிறகு பக்கவாதம் வந்த பெண்களைப் பற்றி 1993இலேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். அரிதுதான். ஆனாலும் கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? தலை சுற்றுவது போலிருந்தால் உடனே சொல்லி நிமிர்ந்துவிடுங்கள்.

ஆண்கள் சலூனில் சவரத்துக்கு உங்கள் கண்முன் புது பிளேடு பிரிக்கிறார்களா, துவைத்த துண்டு போடுகிறார்களா, டிரிம்மரைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படர்தாமரை இப்போது அவ்வளவு பரவியிருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். அந்த நாற்காலியில் யார் யாரை உட்கார விடுகிறார்கள்? தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்றைக்கும் சாதி பார்த்து முடி வெட்ட மறுக்கிறார்கள். முடி வெட்டிக்கொள்வதற்காகவே ஒருவர் பக்கத்து டவுனுக்குப் பேருந்து ஏறுகிறார் என்பதை நினைத்தால் இந்தத் தொழில் செய்கிறவளாக எனக்குத் தலை குனிகிறது. திருநங்கைகளைப் பார்த்ததும் ‘அப்பாயின்ட்மென்ட் இல்லை’ என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் எவ்வளவு நல்ல கை இருந்தாலும் எனக்கு வேண்டாம். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் என்பவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறார்கள். பிரதமர் 2020 அக்டோபரில் வானொலியில் அவரோடு பேசினார். வாசலுக்குள் வரும் மனிதரை மாரியப்பன் எப்படி நினைக்கிறார் என்பது அந்த அலமாரியிலேயே தெரிகிறது.

கடைசியாக, எந்த நாளில் போவது? தீபாவளிக்கு முந்தின நாளும் முகூர்த்த நாள் காலையும் வேண்டாம். எங்கள் கையும் களைத்திருக்கும், கவனமும் சிதறியிருக்கும். கல்யாணப் பெண்கள் மூன்று மாதம் முன்னாலேயே ஒருமுறை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பிடிக்காவிட்டாலும் மூன்று சென்டிமீட்டர் வளர நேரம் இருக்கும். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டக்கூடாது என்று நம்புகிறவர்கள் அவர்கள் வழக்கப்படி இருக்கட்டும். நாள் பார்க்காதவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் வாருங்கள். ஆண்கள் சலூன்கள் பலவும் அன்றைக்கு விடுமுறை, என் கடை திறந்திருக்கும். கூட்டம் இருக்காது. உங்கள் சுழியைத் தேட எனக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.