விறகுக்கு வெட்டுகிற இந்த மரமா பொம்மையாகிறது? | வெப்பாலை

(கையில் பட்டை உரித்த ஒரு கட்டை)

வணக்கம்ங்க. இதைப் பாருங்கள். யானைத் தந்தம் என்று சொன்னால் நம்பிவிடுவீர்கள். ஆனால் மரம். அதுவும் நம் கொங்குச் சீமையில் வேலியோரம் தானாக முளைத்து நிற்கிற வெப்பாலை!

அடையாளம் சுலபம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். காய்கள் இரண்டிரண்டாக, நுனி ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி தொங்கும். இலையில் நீலச் சாயம் எடுப்பார்கள், தோலுக்குத் தைலமும் காய்ச்சுவார்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இப்போது கட்டைக்கு வருவோம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மைசூரைத் தாண்டினால் கர்நாடகத்தின் சென்னபட்டணா. அங்கே பேர்போன மரப்பொம்மைகள் காலங்காலமாக இந்த மரத்தில் கடையப்படுகின்றன.

கடைசல் மிஷினில் கட்டை சுற்றுகிறது. உளி பட்டதும் வெள்ளை நாடா சுருள் சுருளாக உதிர்கிறது. இழை அவ்வளவு நெருக்கம் என்பதால் எங்கேயும் சிலும்பு எழும்புவதில்லை. அப்புறம் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பெயிண்ட் இல்லை, பிரஷ் இல்லை. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றுகிற கட்டைமேல் அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்கிறது! உடனே தாழை ஓலையை வைத்து அழுத்திப் பிடித்தால் கண்ணாடிபோல மினுங்குகிறது. அடியிலிருக்கிற மரம் வெளுப்பாக இருப்பதால் நிறம் மங்காமல் பளிச்சென்று எடுக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். இயற்கைச் சாயத்தில் மஞ்சள் நிறத்துக்குச் சேர்ப்பது மஞ்சளேதான். நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளும் நம்முடையது, மரமும் நம் வேலியில். ஒரு கிலுகிலுப்பையை நாமே இங்கே கடையலாமே! எனக்கு இது பெரிய ஆசை.

கதவு, கதவு நிலைக்கு இது வேண்டாம்; மரம் அவ்வளவு பருக்காது, வெயில் மழையும் தாங்காது. வெட்டிய கட்டையை ஈரத்தோடு போட்டுவைத்தால் பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்து அந்த வெள்ளை போய்விடும். பட்டையை உரித்து, காற்றாட நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்த முறை வேலி கழிக்கும்போது, கைத்தடிமனில் நேரான கிளை ஒன்றை மட்டும் அடுப்புக்குப் போகாமல் எடுத்துவையுங்கள். காய்ந்ததும் பக்கத்துக் கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரு பம்பரம் கடைந்து வாங்குங்கள். போட்டோவைக் கமெண்டில் போடுங்கள். உங்கள் ஊரில் இந்த மரத்துக்கு வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள்.