ஓட்டம் அவர்களுக்கு வழிபாடே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"அமெரிக்கப் பழங்குடிகளின் நெடுந்தூர ஓட்டம் விளையாட்டா, வழிபாடா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "லூயிஸ் தெவானிமா 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கியது பயிற்சியால். சாமிக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, அவர் எடுத்த ஆளையே நானும் எடுக்கிறேன். தெவானிமா அரிசோனாவின் ஹோப்பி இனத்தவர். வற்றாத ஆறு இல்லாத வறண்ட மேட்டு நிலம். மழை வந்தால்தான் சோளம். அதனால் விடியலில் எழுந்து ஓடுவார்கள், மேகத்தை வயலுக்கு அழைத்துவர. மனதில் கசப்பை வைத்துக்கொண்டு ஓடாதே, ஊருக்காக ஓடு என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் கண்ணில் படும் முன்பே அந்தக் கால்களைப் பழக்கியது இந்த வேண்டுதல்.

1907-ல் அவரைப் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, அவர்கள் யார் என்பதையே மறக்கடிக்க நடந்த பள்ளி அது. அங்கிருந்துதான் அமெரிக்காவுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் ஓடினார். பழங்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டமோ 1924-ல்தான் வந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது!

அப்புறம் என்ன செய்தார்? எதிரணி இதை மட்டும் சொல்லவில்லை. பதக்கத்தோடு ஊர் திரும்பி ஆடு மேய்த்தார், சோளம் விதைத்தார், சடங்குகளில் பூசாரியாகப் பொறுப்பேற்றார். பள்ளி பிடுங்கப் பார்த்தது எதுவோ, அதற்குள்ளேயே 1969-ல் இறக்கும்வரை வாழ்ந்தார். பந்தயத்துக்காகவே பிறந்த மனிதர் செய்கிற காரியமா இது?

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். 2019 பாஸ்டன் மாரத்தானைப் பாருங்கள். லகோட்டா இனத்து ஜோர்டன் மேரி டேனியல், வாயின் மேல் சிவப்புக் கைத்தடம் பதித்து ஓடினார். காணாமல்போன, கொலையுண்ட பழங்குடிப் பெண்கள் 26 பேருக்காக, மைலுக்கு ஒரு பெயர், ஒரு பிரார்த்தனை.

நடுவர் அவர்களே, அந்தப் பிரார்த்தனைகளை எதிரணி எந்தக் கடிகாரத்தில் அளக்கப் போகிறது? அதைச் சொல்லிவிட்டுத் தீர்ப்புக் கேட்கட்டும்.